எல்லை மூடினப்போ கொக்கிக்கு வந்த மவுசு: 2003ல கனடா கறி பிளான்ட் கட்டினது சரியா தப்பா

கனடால ஆல்பர்ட்டா மாகாணத்துல, கால்கரிலருந்து வடக்க ஹைவே 2 பிடிச்சுப் போனா ஏர்போர்ட் தாண்டினதும் பால்சாக்னு ஒரு இடம் வரும், இப்ப அங்க பெரிய மால் ஒண்ணு இருக்கறதால நம்மாளுங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஏரியாலயே ஒரு மாட்டுக்கறி பிளான்ட் இருக்கு. 2006 நடுவுல தொறந்தாங்க, 2007 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க, அப்புறம் பத்து வருஷம் கிட்ட சும்மா கெடந்துச்சு, 2017ல வேற ஓனர், வேற பேரு, மறுபடி ஓட ஆரம்பிச்சுது. மாலுக்குப் போறவங்க யாரும் அதைத் திரும்பிப் பாக்கறதில்ல, நான் மட்டும் பாத்துட்டு இருப்பேன், ஏன்னா அந்தக் கட்டடம் கட்டின காலத்துல நான் கால்கரிக்குத் தெக்க ஒரு சின்ன ஊர்ல கணக்கு ஆபீஸ்ல வேலை பாத்தேன், எங்க கஸ்டமர்ல முக்கால்வாசிப் பேர் மாட்டுப் பண்ணைக்காரங்க, "பிளான்ட்ல காசு போடலாமா"ன்னு கேட்டு வராத ஆளே அந்த ரெண்டு வருஷத்துல இல்ல.

போன வாரம் ஒரு ஃபிரெண்டு கேட்டான், "அந்த மேட் கவ் சமயத்துல கனடாக்காரன் உள்ளூர்லயே பிளான்ட் கட்டிருந்தா தப்பிச்சிருப்பான்ல"ன்னு. கட்டினாங்கடா, கட்டித்தான் பாதிப்பேர் போனாங்கன்னு சொன்னேன். நம்பல. அதனால ஒவ்வொரு வழியா எடுத்து வச்சுப் பாத்துடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல நடந்தது என்னன்னு வேகமா சொல்லிடறேன். 2003 மே 20, வடக்கு ஆல்பர்ட்டால ஒரே ஒரு மாட்டுக்கு பிஎஸ்இ, அதாவது மேட் கவ் நோய், இருக்கறதா அறிவிச்சாங்க. ஜனவரி கடைசிலயே அறுத்த மாடு, நோஞ்சானா இருக்குன்னு இன்ஸ்பெக்டர் ஒதுக்கிட்டதால கறி சாப்பாட்டுக்குப் போகவே இல்ல, தலை மட்டும் லேபுக்குப் போய் வரிசைல காத்திருந்து மே மாசம்தான் டெஸ்ட் ஆச்சு. அறிவிச்ச அன்னைக்கே அமெரிக்கா எல்லைய மூடிட்டுச்சு, ஜப்பான், கொரியா, மெக்சிகோன்னு வரிசையா எல்லாரும் மூடிட்டாங்க. கனடா அப்ப வளர்த்த மாட்டுல பாதிக்கும் மேல, உயிரோடயோ கறியாவோ, வெளிநாட்டுக்குத்தான் போய்ட்டு இருந்துச்சு, அதுலயும் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு, உயிர் மாடு மட்டுமே வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல. அது ஒரே நாள்ல நின்னா என்ன ஆகும். பவுண்டுக்கு ஒரு டாலர் கிட்ட வித்த கொழுத்த மாடு ஜூலைல 40 சென்ட்டுக்கும் கீழ.

அடிமாடு கதை இன்னும் மோசம். கன்னு போட்டுப் போட்டு ஓஞ்ச பசு, பல்லு தேஞ்சது, சினை பிடிக்காதது, இதையெல்லாம் வருஷா வருஷம் மந்தைல பத்துல ஒண்ணாவது கழிச்சு விக்கணும், பண்ணைக்காரனுக்கு அது ஒரு சின்ன வருமானம், பெரும்பாலும் டிராக்டர் டியூ கட்டற காசு. அந்த வருஷம் எங்க ஆபீஸுக்கு ஒருத்தர் ஒரு ஏலச் சீட்டு கொண்டு வந்தார். ஒரு பசு வித்த விலை மேல இருக்கு, அதுல ஏலக்கூடக் கமிஷன், யார்டு வாடகை, சூட்டுக்குறி பாக்கற ஃபீஸ், சங்கத்துக்குப் போற பிடித்தம், லாரிக்காரன் கூலி எல்லாம் கழிச்சுக் கீழ வந்தா, மிச்சம் இருந்தத வச்சு ரெண்டு பேர் ஹோட்டல்ல மத்தியானம் சாப்பிட முடியாது. அவர் கத்தல, அழல, "இத வருமானத்துல போடறதா செலவுல போடறதா"ன்னு கேட்டார். நான் வருமானத்துலன்னு சொன்னேன், எனக்கே சிரிப்பும் வெக்கமுமா இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாடு இருக்கு, சாப்பிட ஆளும் இருக்கு, கனடா ஜனங்க அந்த வருஷம் வீம்புக்குன்னே மாட்டுக்கறி அதிகமா வாங்கினாங்க. அப்புறம் எங்க அடைச்சுது? கொக்கில. பிளான்ட்டுக்குள்ள அறுத்த மாட்டைத் தொங்கவிட்டு நகர்த்தற சங்கிலில எத்தனை கொக்கி ஓடுதோ, ஒரு நாளைக்கு அத்தனை மாடுதான். அந்தக் கொக்கில பெரும்பகுதி ரெண்டே ஊர்ல, ஹை ரிவர்ல கார்கில், புரூக்ஸ்ல டைசனோட லேக்சைடு, ரெண்டும் ஆல்பர்ட்டா, ரெண்டும் அமெரிக்க முதலாளி, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு 4,000 மாடு ரேஞ்சு. மூணாவதா எக்ஸ்எல் ஃபுட்ஸ், அது உள்ளூர்க் கம்பெனி. எல்லை தொறந்திருந்த வரைக்கும் இது யாருக்கும் பிரச்சனையா தெரியல, இங்க விலை படியலன்னா லாரில ஏத்தித் தெக்க அமெரிக்காவுக்கு அனுப்பிடலாம், அந்த லாரிதான் விலையத் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்துச்சுன்னு அது நின்னப்பதான் புரிஞ்சுது.

எங்க தாத்தா சந்தைல மாடு விப்பார், துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க, சின்னப் பையனா நின்னு வேடிக்கை பாத்துருக்கேன். ஆனா ஒரு ஆள் துண்டுலருந்து கைய எடுத்தா அடுத்த ஆள் தயாரா நிப்பான். ஆல்பர்ட்டால 2003ல துண்டுக்கு அடியில இருந்தது மொத்தமே ரெண்டு மூணு கைதான்.

ஆகஸ்ட்ல ஒரு ட்விஸ்ட். 30 மாச வயசுக்குக் கீழ உள்ள மாட்டோட எலும்பில்லாத கறிய மட்டும் அனுப்பலாம்னு அமெரிக்கா ஒத்துக்கிச்சு, செப்டம்பர்ல பெட்டி பெட்டியா கறி போக ஆரம்பிச்சுது. உயிர் மாடு போகாது, கறி போகும். இந்த ஒரு வரிதான் அடுத்து நடந்த எல்லா முட்டாள்தனத்துக்கும், சில புத்திசாலித்தனத்துக்கும் காரணம். ஏன்னா இங்க மாடு அடிமாட்டு விலை, அங்க கறி நல்ல விலை, நடுவுல இருக்கற வித்தியாசம் மொத்தமும் கொக்கி வச்சிருக்கறவனுக்கு. ஆல்பர்ட்டா ஆடிட்டர் ஜெனரல் 2004ல குடுத்த ரிப்போர்ட்ல பெரிய பிளான்டுங்களோட லாபம் 281 சதவீதம் ஏறினதா வந்துச்சு. ஊரே கொதிச்சுது. 2005ல வியாபாரப் போட்டிச் சட்டத்தைப் பாத்துக்கற காம்பெடிஷன் பீரோ விசாரிச்சு, கூட்டுச் சதின்னு எதுவும் கிடைக்கலன்னு முடிச்சிட்டாங்க, அதை நான் நம்பறேன், ஏன்னா சதி பண்ண வேண்டிய தேவையே இல்லையே, வாசல்ல மாடு க்யூல நிக்குது.

சரி, அந்த இடத்துல நீங்க பண்ணைக்காரனோ மந்திரியோ, கைல கொஞ்சம் காசு இருக்கு, என்ன பண்ணுவீங்க?

முதல் வழி, எதுவும் கட்டாம மாட்டுக்காரனுக்குக் காசு குடுத்துட்டு எல்லை தொறக்கற வரைக்கும் காத்திருக்கறது. 2003 ஜூன்ல மத்திய, மாகாண அரசுங்க சேர்ந்து 46 கோடி டாலர் திட்டம் போட்டாங்க. மாடு அறுப்புக்குப் போனா, சந்தை விலைக்கும் ஒரு அடிப்படை விலைக்கும் நடுவுல உள்ள குறைவுல பெரும்பங்க அரசு குடுக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, விலை குறைஞ்சா அரசு ஈடு கட்டும்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சா, வாங்கறவன் ஏன் கூட்டிக் கேப்பான், விக்கறவன் ஏன் முறைச்சு நிப்பான்? பண்ணைக்காரன் பேர்ல வந்த செக்கு, அதுல ஒரு பங்கு யார் பாக்கெட்டுக்குப் போச்சுன்னு அந்த 281ஏ சொல்லுது. மாட்டைக் காத்திருக்க வைக்கறதும் சும்மா இல்ல, அது குடோன்ல அடுக்கி வைக்கற நெல்லு மூட்டை கிடையாது, தினம் இருபது பவுண்டுக்கு மேல தின்னும், தின்னத் தின்னக் கொழுப்பு ஏறிக் கறியோட தர கிரேடு போகும், இன்னும் வச்சிருந்தா 30 மாசம் தாண்டிடும், தாண்டிட்டா எந்த எல்லையும் அதுக்குத் தொறக்காது.

2004 செப்டம்பர்ல வந்த 48.8 கோடி திட்டம் இதை விடக் கொஞ்சம் புத்தியோட இருந்துச்சு. அதுல மாட்டை அறுக்க இல்ல, அறுக்காம நிறுத்தி வைக்கக் காசு குடுத்தாங்க, வரிசை சின்னதாச்சுன்னா வாசல்ல நிக்கறவனுக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும்னு கணக்கு. என்னக் கேட்டா அந்த மொத்தப் பிரச்சனைலயும் கம்மி காசுல கொஞ்சமாவது வேலை செஞ்ச ஐடியா அதுதான், ஆனா அதைப் பத்திப் பேச யாருக்கும் ஆர்வம் இல்ல, ரிப்பன் வெட்ட முடியாதே. அதே திட்டத்துலதான் சின்ன, நடுத்தர பிளான்ட் கட்டறவங்களுக்குக் கடன் குடுக்கற பேங்குக்கு நஷ்ட உத்தரவாதமும் வச்சாங்க. அங்கதான் கட்டட ஜுரம் பத்திக்கிச்சு.

ரெண்டாவது வழி, இருக்கற பெரிய பிளான்ட்டயே பெருசாக்க விடறது. இதுக்கு யாரும் கைதட்டல, ஆனா கொக்கி சீக்கிரம் வந்தது இதுலதான். கூலர் ஏற்கெனவே இருக்கு, கழிவுத் தண்ணி பிளான்ட் இருக்கு, அமெரிக்காவுல வாங்கறவன் கைல இருக்கான், சனிக்கிழமை ஷிஃப்ட் போடு, சங்கிலி ஸ்பீடைக் கூட்டு, ஒரு பக்கம் சுவரை இடிச்சு நீட்டு, முடிஞ்சுது. புரூக்ஸும் ஹை ரிவரும் அப்படித்தான் ஏறுச்சு, 2004, 2005ல நாட்டோட அறுப்பு முன்னாடி இல்லாத அளவுக்குப் போச்சு. அரசுக்குப் பெருசா செலவும் இல்ல.

கஷ்டம் என்னன்னா, நாம யார் கழுத்தைப் பிடிக்கறான்னு திட்டிட்டு இருந்தமோ அவன் கைக்கே இன்னும் பலம். அதோட ரெண்டே கூடைல எல்லா முட்டையும். இதோட விலை உடனே தெரியல, பின்னாடி தெரிஞ்சுது. 2005 அக்டோபர்ல புரூக்ஸ்ல ஸ்டிரைக், அங்க வேலை பாத்தவங்கள்ல நிறையப் பேர் சூடான், சோமாலியாலருந்து வந்த ஆளுங்க, வாரக்கணக்குல ஓடுச்சு. 2012ல அதே பிளான்ட், அப்போ டைசன் கைலருந்து எக்ஸ்எல் கைக்கு மாறியிருந்துச்சு, ஈ கோலை பிரச்சனைல கனடா பாக்காத சைஸ்ல கறிய திரும்ப வாங்கினாங்க, லைசென்ஸ நிறுத்தி வச்சாங்க, கடைசில பிரேசில்காரன் ஜேபிஎஸ் கைக்குப் போச்சு. 2020 ஏப்ரல்ல ஹை ரிவர்ல கொரோனா, 900க்கு மேல தொழிலாளிங்களுக்கு, அங்க வேலை பாத்தவங்கள்ல பாதிக்கும் மேல ஃபிலிப்பைன்ஸ் ஜனங்க, ரெண்டு வாரம் மூடினாங்க, நாட்டோட கொக்கில மூணுல ஒரு பங்கு அப்படியே நின்னுச்சு. மறுபடி ஃபீட்லாட்டுல, அதாவது அறுப்புக்கு முன்னாடி மாட்டைக் கொழுக்க வைக்கற பட்டில, மாடு தேங்குச்சு. 2003 தெரிஞ்சவங்களுக்கு வயித்தக் கலக்கியிருக்கும்.

மூணாவது, எல்லார் மனசுலயும் இருந்த வழி, நாமளே புதுசா கட்டறது. கேக்கவே ஜோரா இருக்கும், பண்ணைக்காரன் கைல பிளான்ட், அமெரிக்கன் எவனுக்கும் சலாம் போட வேண்டாம். இந்த மாதிரி ஒரு மீட்டிங்குக்கு எங்க ஆபீஸ்லருந்து என்னை அனுப்பினாங்க, எந்த கம்பெனின்னு வேண்டாம், கிராமத்து ஹால், இரும்பு நாற்காலி, பெரிய எவர்சில்வர் காபி கேன், சுமார் நூறு தொப்பி. புரொஜெக்டர்ல ஒருத்தர் போட்டுக் காட்டறார், இன்னைக்கு மாட்டு விலை இவ்ளோ, கறி விலை இவ்ளோ, நடுவுல லாபம் இவ்ளோ, அஞ்சு வருஷத்துல போட்ட காசு திரும்ப வந்துடும். எல்லாரும் தலைய ஆட்டறாங்க. பின்வரிசைலருந்து ஒரு வயசான அம்மா, கைல ஏதோ ஸ்வெட்டர் பின்னிட்டே, "எல்லை தொறந்துட்டா நம்ம மாட்டை யாருக்கு விப்போம்?"னு கேட்டாங்க. புரொஜெக்டர்காரர் சிரிச்சுட்டு நமக்கே நாம விப்போம்மான்னார். அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்த அவங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தாங்க, அவர் காபிக் கப்பைப் பாத்தார். தெக்க எவனாவது பவுண்டுக்கு ரெண்டு சென்ட் கூடக் குடுத்தா அவர் லாரி எங்க போகும்னு அந்த ஹால்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஸ்லைடுல இருந்த லாபம் பிளான்ட்டோட லாபமே இல்ல, மூடின எல்லையோட லாபம். எல்லை தொறந்தா அது ஆவியாப் போயிடும். எவ்ளோ சீக்கிரம் கட்டறோம்ங்கறது கூட ரெண்டாவதுதான், அந்த வித்தியாசம் இல்லாத நாள்லயும் நிக்கற பிளான்ட்டான்னு பாக்கணும்.

தேதிய வரிசையா வச்சா புரியும். 2003 மே மூடினாங்க. 2005 மார்ச்ல 30 மாசத்துக்குக் கீழ உள்ள உயிர் மாட்டுக்குத் தொறக்க இருந்தாங்க, மொன்டானால ஒரு ஜட்ஜு அங்கத்த மாட்டுக்காரங்க சங்கம் போட்ட கேஸ்ல தடை போட்டார், பிளான்ட் கட்டறவங்களுக்கு அது கிட்டத்தட்ட நல்ல செய்தி மாதிரி ஆயிடுச்சு, பாத்தீங்களா எல்லைய நம்ப முடியாதுன்னு இன்னும் கொஞ்சம் ஷேர் வித்தாங்க. ஜூலைல மேல் கோர்ட்டு அந்தத் தடையத் தூக்கிடுச்சு, ஜூலை 18 முதல் மாட்டு லாரி தெக்க போச்சு. பால்சாக் பிளான்ட், ராஞ்சர்ஸ் பீஃப்னு அப்போ பேரு, தொறந்தது 2006 நடுவுல. அதாவது யாருக்காகக் கட்டினாங்களோ அந்த மாடு தெக்க போக ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு. ஒரு பிளான்ட் கட்ட ரெண்டு மூணு வருஷம் ஆகும், தண்ணி, கழிவு, ஃபெடரல் லைசென்ஸ், எல்லாம் அவசரப்படுத்த முடியாத வேலை. நெருக்கடி அதுக்குள்ள ரூபம் மாறிடும்.

அந்த நேரத்துல வேற மூணு அடி சேர்ந்து விழுந்துச்சு. ஒண்ணு டாலர், 2003 மே மாசம் கனடா டாலர் 72 அமெரிக்க சென்ட் கிட்ட, 2007 செப்டம்பர்ல ஒண்ணுக்கு ஒண்ணு. ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கறி வித்தா முன்னாடி இங்க கிட்டத்தட்ட 1,400 வரும், இப்ப ஆயிரம்தான், ஆனா ஆளு சம்பளம், கரன்ட்டு எல்லாம் கனடா டாலர்ல. அடுத்தது ஆளு, ஆல்பர்ட்டால எண்ணெய்க் காசு பொங்கிட்டு இருந்த நேரம், கத்தி பிடிச்சு குளிர்ல எட்டு மணிநேரம் நிக்க யார் வருவா, வடக்க போனா டபுள் சம்பளம். இன்னொண்ணு 2007 ஜூலை 12 விதி. பிஎஸ்இய உண்டாக்கற புரதம் தங்கற பாகங்க, அதாவது மண்டை ஓடு, மூளை, கண்ணு, தண்டுவடம், தொண்டைச் சதை, சிறுகுடலோட கடைசித் துண்டு, இதெல்லாம் 2003லயே மனுஷ சாப்பாட்டுலருந்து எடுத்தாச்சு, இப்ப எந்தப் பிராணித் தீவனத்துலயும் சேரக் கூடாதுன்னு வந்துச்சு, தனியாப் பிரிச்சு, சாயம் தடவி, பர்மிட்டு வாங்கிப் புதைக்கணும் இல்ல எரிக்கணும். அமெரிக்காவுல இந்த அளவு கெடுபிடி இல்ல. நியாயமான விதிதான், ஆனா தலைக்கு இத்தனை டாலர்னு செலவு, அதுலயும் கிழ மாட்டுக்கு ரொம்பக் கூட.

இந்தக் கழிவு விஷயம் நம்ம ஆளுங்களுக்கு டக்குனு புரியும். நாம தலைக்கறி, போட்டி, நாக்கு, ஈரல்னு எதையும் விடாத பரம்பரை. பெரிய பிளான்ட்டும் அப்படித்தான் பிழைக்குது, சதை விக்கற காசு மாட்டு விலைக்கும் கூலிக்கும் சரியாப் போயிடும், தோலு, கொழுப்பு, நாக்கு, குடல் இதுல வர்றதுதான் பல நாள் லாபமே. ஒரு நாளைக்கு 4,000 நாக்கு வச்சிருக்கறவன் கன்டெய்னர் ரொப்பி ஜப்பானுக்கு அனுப்பலாம். 40 நாக்கு வச்சிருக்கறவன் என்ன பண்ணுவான், அவனுக்கு அது வருமானம் இல்ல, தூக்கிப் போடக் காசு குடுக்கணும்.

சும்மா ஒரு கணக்கு, நானா போடற நம்பர்தான். ஒரு பிளான்ட்டோட அசையாத செலவு, வட்டி, கூலர் கரன்ட்டு, மாசச் சம்பளம் எல்லாம் சேர்த்து நாளைக்கு 80,000 டாலர்னு வைங்க. 800 மாடு வந்தா தலைக்கு 100. 500 மாடுதான் வந்துச்சுன்னா 160. மாடு வரலங்கறதால அந்த 60 டாலரைக் கூட்டி வாங்கி வர வைக்கவும் முடியாது, ஏன்னா எதிர்ல நிக்கறவனுக்குத் தலைக்கு அசையாத செலவே உங்களுதுல பாதி கூட இருக்காது. பால்சாக் அந்த விதி வந்த அடுத்த மாசம் மூடுச்சு.

மனிடோபால டாஃபின்னு ஒரு ஊர், அங்க கூட்டுறவுச் சங்கத்துல பண்ணைக்காரங்க காசு போட்டு, அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் ஃபெர்ண்டேல்ல மூடிக் கெடந்த பிளான்ட்டோட மெஷின்களைக் கழட்டி எடுத்துட்டு வந்தாங்க. அந்த பிளான்ட் தொறக்கவே இல்ல. சஸ்காட்செவன்ல இன்னொண்ணு, மாடு கட்டுப்படியாகாம குதிரை அறுக்கப் போய், அதுவும் நிக்காம முடிஞ்சுது. பிரின்ஸ் எட்வர்ட் தீவுல ஆல்பனில 2004 கடைசில தொறந்த அட்லான்டிக் பீஃப் மட்டும் இன்னும் ஓடுது. ஏன்? அங்க எல்லை தொறந்தாலும் மூடினாலும் அடுத்த பெரிய பிளான்ட் ரொம்பத் தூரம், லாரி வாடகையே அந்த பிளான்ட்டுக்குக் காவல், அதோட மாகாண அரசுங்க வருஷக்கணக்குல நஷ்டத்தைத் தாங்கினாங்க. தாங்கறதுக்குத் தயாராங்கற கேள்விக்கு முதல்லயே ஆமான்னு சொல்லிட்டுக் கட்டினா அது வேற, லாபம் வரும்னு சொல்லிக் கட்டறது வேற.

நாலாவது வழி, கட்டாம, ஓடிட்டு இருக்கறத விலைக்கு வாங்கறது. இது கியூபெக் கதை, எனக்கு இதுதான் ரொம்ப சுவாரசியம். கியூபெக் பால் மாகாணம், கனடால உள்ள பால் பண்ணைல பாதி கிட்ட அங்கதான், அப்ப பால் வத்தின அடிமாடும் அங்கதான் மலையாக் குவியும். அதை வாங்கறதுக்குப் பெரிய இடம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு, சான் சிரில்ங்கற ஊர்ல இருந்த லெவினாஃப் கோல்பெக்ஸ் பிளான்ட். ஒத்த ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு வருஷம் ரெண்டு போனதும், பண்ணைக்காரங்க ஃபெடரேஷன் அந்த பிளான்ட்லயே 80 சதவீதம் வாங்கிடுச்சு, 2006 ஆரம்பத்துல கைக்கு வந்துச்சு. காசுக்கு, விக்கற ஒவ்வொரு அடிமாட்டுக்கும் 53 டாலர் 86 சென்ட் கட்டாயப் பிடித்தம்.

இந்த வழில சில விஷயம் உண்மையாவே சரி. ரெண்டு வருஷம் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஆளு இருக்கான், கஸ்டமர் இருக்கான். அதை விட முக்கியம், அடிமாட்டுக்கு எல்லை கடைசிலதான் தொறக்கும்னு எல்லாருக்கும் தெரியும், தொறந்ததும் 2007 நவம்பர் 19தான், இளம் மாட்டுக்குத் தொறந்து ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு. அப்ப நேரக் கணக்கு பால்சாக்கை விட நல்லா இருந்துச்சு. ஆனா அந்தக் கழிவு விதி எதைப் போட்டு அமுக்குச்சுன்னா சரியா இதே கிழ மாட்டைத்தான். எல்லை தொறந்ததும் அமெரிக்க பிளான்ட்டுக்காரன் கழிவுச் செலவு கம்மியா வச்சுக்கிட்டு அதே பசுவுக்கு ஏலம் கேக்க வந்தான். 2012 மே மாசம் மூடிட்டாங்க, திவால். 53.86 பிடிச்சுக் குடுத்த பால்காரங்களுக்குக் கைல பிளான்ட்டும் இல்ல காசும் இல்ல. வாங்கினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், 2005ல அந்த ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு நின்னா நானும் கை தூக்கியிருப்பேன். வித்துட்டு வெளிய வர்ற நாளையும் அன்னைக்கே முடிவு பண்ணியிருக்கணும், 2007 நவம்பருக்கு முன்னாடி ஒரு நாள், அவ்ளோதான்.

அஞ்சாவது, சின்ன ஊர்க் கசாப்புக் கூடங்க. இதுல எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2003 இலையுதிர் காலத்துல ஒரு கஸ்டமர் கிட்டயே நேரா அரை மாடு சொல்லி, நாங்க மூணு குடும்பம் பங்கு போட்டோம், ஒரு வீட்டுல சாப்பிட மாட்டாங்க ஆனா ஃபிரீசர் அவங்களுதுதான் பெருசு, வச்சுக்கோங்கன்னு இடம் குடுத்தாங்க. பிரவுன் பேப்பர்ல சுத்தி, மேல ரப்பர் ஸ்டாம்ப்ல 'ரோஸ்ட்', 'ஸ்டூ'ன்னு அடிச்சு அட்டைப் பெட்டில குடுத்தான். குடல் வேணும்னேன். கசாப்புக்காரன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, அது இப்ப சட்டப்படி குடுக்கக் கூடாதுன்னான். நாக்கு வாங்கிட்டு வந்தேன். பண்ணைக்காரருக்கு ஏலக்கூடத்துல கிடைக்கறத விட எவ்வளவோ கூடக் கிடைச்சுது, எங்களுக்குக் கடையை விட சல்லிசு.

ஆனா அந்தக் கூடம் வாரத்துக்கு அறுக்கறதே சில டஜன், மாகாண லைசென்ஸ்ல அறுத்த கறி மாகாணம் தாண்டிக் கூடப் போகக் கூடாது, அமெரிக்காவ விடுங்க. தேங்கி நின்னது லட்சக்கணக்குல. ஒரு குடும்பத்துக்கு இது நல்ல வழி, ஒரு தொழிலுக்கு இது பதில் இல்ல. ஆனா பாருங்க, இந்த அஞ்சுலயும் எல்லை மூடினப்போ, தொறந்தப்போ, டாலர் ஏறினப்போ எல்லாம் தாக்குப் பிடிச்சது இந்தக் கூடங்கள்ல நிறைய, ஏன்னா அவன் லாபம் எல்லைல இல்ல, பக்கத்து ஊர் ஃபிரீசர்ல இருந்துச்சு.

என் முடிவு என்னன்னு கேட்டா, ஆல்பர்ட்டா கொழுத்த மாட்டுக்கு நான் ரெண்டாவது வழியத்தான் எடுத்திருப்பேன், பிடிக்காமலே. ஆனா சும்மா விட்டிருக்க மாட்டேன். கூடுதல் ஷிஃப்ட்டுக்கு அனுமதி, வரிச் சலுகை எது கேட்டாலும், அந்த ஷிஃப்ட்ல இத்தனை கொக்கி வெளி ஆள் மாட்டுக்கு, கூலிக்கு அறுத்துக் குடுக்கணும், கறி மாட்டுக்காரனோடதுன்னு எழுதி வாங்கியிருப்பேன். அப்ப பண்ணைக்காரங்க கட்டடத்துல போட்ட காசை விற்பனைல போட்டிருக்கலாம், துண்டுக்கு அடியில இன்னொரு கையும் வந்திருக்கும், எல்லை தொறந்த அன்னைக்கு ஒப்பந்தத்த முடிச்சுட்டு எழுந்திரிச்சுப் போகலாம். அதோட மாட்டை நிறுத்தி வைக்கற திட்டத்த 2004 செப்டம்பர்ல இல்ல, 2003லயே ஆரம்பிச்சிருக்கணும், அந்த 46 கோடிக்குப் பதிலா.

கிழக்குக் கரைக்குப் புது பிளான்ட், தூரத்துக்காக, நஷ்டம் வரும்னு முன்கூட்டியே சொல்லிட்டு. அடிமாட்டுக்கு வாங்கறது சரி, வெளிய வர்ற தேதியோட. புதுசா கட்டியே ஆகணும்னு அடம் பிடிக்கறவங்ககிட்ட ஒரே ஒரு பேப்பர் கேப்பேன், ஷேர் வாங்கற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு இத்தனை மாடு இங்கதான் கொண்டு வருவேன், வரலன்னா அபராதம் கட்டுவேன்னு கையெழுத்து, காசை விட அந்தக் கையெழுத்துதான் பிளான்ட்டு. அந்த ஹால்ல அன்னைக்கு ஷேர் ஃபாரம் எடுத்துட்டுப் போனவங்க நிறைய, மாட்டு எண்ணிக்கை எழுதற கட்டம் அந்த ஃபாரம்ல இருந்துச்சு, ஆனா "விருப்பம்"னு போட்டிருந்துச்சு, எனக்குத் திரும்பி வந்த ஃபாரம்ல முக்கால்வாசில அந்தக் கட்டம் காலி.

ஸ்வெட்டர் பின்னின அம்மா ஃபாரம் எடுக்கல. அடுத்த வருஷம் அவங்க கணக்கு எங்க ஆபீஸுக்குத்தான் வந்துச்சு, பசுங்களைக் கொறச்சு, புல்லு நிலத்தப் பக்கத்து ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாங்க, 2005 ஜூலைக்கு அப்புறம் நாலு லோடு தெக்க போன பில்லு இருந்துச்சு.